பழைய கார் செட்டும் புதுப் போனும்



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய ஜப்பான் கார் வைத்திருக்கிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள். உங்களுக்கும் உதவலாம்.

எங்கள் கார் 2011இல் ஜப்பானில் செய்தது. ஸ்டார்ட் பண்ணியதும் உள்ளே இருந்து ஒரு பெண் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்வா. எங்கள் பிள்ளைகள் சின்ன வயதில் அவவுக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் ஏறுவார்கள். அந்த நாட்டு அதிவேகப் பாதையில் காசு கட்டுகிற அட்டையைப் போடவில்லை என்றுதான் அந்த மனுசி இவ்வளவு காலமும் முறையிட்டிருக்கிறா. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திறந்தபோது விலை எங்கள் ரெண்டு பேரின் ஆசிரியர் சம்பளத்தையும் சேர்த்தாலும் எட்டாத உயரத்தில் நின்றது. ஆக, இருக்கிற காரோடுதான் காலம். கார் அப்படியே நிற்க, போன் மட்டும் மாறிக்கொண்டே போனது. கடைசியாக வாங்கிய போனில் வயர் குத்துகிற ஓட்டையும் இல்லை. புளூடூத்தில் தேடினால் கார் செட்டின் பெயர் வரும். தொட்டால் இணைக்க முடியவில்லை என்று வரும். செட்டின் திரையில் ஜப்பான் எழுத்தில் ஒரு பெட்டி தோன்றி மறையும். பழைய செட், இனி சரிவராது என்று விட்டுவிட்டோம்.

விட்டதன் விலை ஒரு நாள் தெரிந்தது. பள்ளிக்கூடம் 1.30க்கு விட்டு, நிந்தவூரிலிருந்து அக்கரைப்பற்றுக்கு வந்துகொண்டிருந்தோம். உம்மாவின் கோல் வந்தது. நாங்கள் வீடு வந்து சேரும்வரை உம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது. ஓட்டும்போது போனைக் கையில் எடுப்பதில்லை என்பதால், பக்கத்து சீட்டுக்காரர் பேசுவதுதான் வழக்கம். அன்று போன் சீட்டுக்கும் நடுப் பெட்டிக்கும் இடையில் விழுந்துவிட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. ரெண்டு பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு கணம் ரோட்டை யாருமே பார்க்கவில்லை.

நிமிர்ந்தால் முன்னால் வெள்ளைப் பர்தாவோடு ஒரு பிள்ளை, பாலமுனைப் பக்கம் ரோட்டைக் கடக்கிறா. பிரேக். கார் நின்றபோது பிள்ளைக்கும் எங்களுக்கும் ஒரு முழம்தான் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. பயந்து ஓடிவிட்டா. ரோட்டோரம் நின்ற ஒரு காக்கா கண்ணாடிக்குக் கிட்ட வந்தார். ஏசுவார் என்று நினைத்தோம். ஏசவில்லை. எங்கள் உடுப்பையும் பின் சீட்டில் கிடந்த கொப்பிக் கட்டையும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"படிச்சிக் குடுக்கிற ஆக்களா நீங்க?"

அதற்கு இன்றைக்கும் எங்களிடம் பதில் இல்லை.

அடுத்த நாளே ஒரு கடைக்குப் போனோம். செட்டைத் தொடாமலே, "இது ஜப்பான் செட் சேர், கழட்டி எறிஞ்சிட்டு அன்ட்ரொய்ட் பிளேயர் ஒண்டு போடுங்க" என்றார்கள். சொன்ன விலையைக் கேட்டுத் திரும்பி வந்தோம். பிறகு எங்களிடம் படித்த ஒரு பிள்ளையின் ஞாபகம் வந்தது. சாய்ந்தமருதில் கார் வயரிங் வேலை செய்கிறார்.

அவர் ஸ்பானரைத் தொடவில்லை. தன் போனின் கமராவைச் செட்டின் திரைக்கு நேரே பிடித்தார். மொழிபெயர்க்கும் செயலியில் ஜப்பான் எழுத்தெல்லாம் இங்கிலீசாக மாறிக்கொண்டே வந்தது. இத்தனை நாளும் தோன்றி மறைந்த பெட்டியில் இருந்தது ஒரே விசயம்தான்: ஐந்து போன்கள் பதிவாகிவிட்டன, இடமில்லை, ஒன்றை அழியுங்கள்.

செட் பழுதில்லை. வழியைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.

பட்டியலைத் திறந்தார். நாலு பெயர்கள் எங்கள் வீட்டில் உடைந்து போன போன்கள். ஐந்தாவது ஆங்கில எழுத்தில் "வாப்பா". கார் வாங்கிய புதிதில் வாப்பாவின் போனை மகன் இணைத்து, பெயரும் வைத்துக் கொடுத்தது. வாப்பா மௌத்தாகி ஏழு வருசம்.

"எல்லாத்தையும் அழிக்கட்டா சேர்?"

"மத்த நாலையும் அழிங்க மகன். அது கிடக்கட்டும்."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாலை அழித்தார். புதுப் போன் ஒரு நிமிசத்தில் இணைந்தது.

அன்று அவரிடம் கற்றவை இவை:

1. இணையவில்லை என்றால் முதலில் பதிவுப் பட்டியலைப் பாருங்கள். செட்டில் பழையவற்றை அழியுங்கள். போனிலும் அந்தக் காரை மறக்கச் செய்துவிட்டு மீண்டும் இணையுங்கள். இலக்கம் கேட்டால் பெரும்பாலும் 0000 அல்லது 1234.

2. கோல் வருகிறது, கிராஅத் கேட்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பேசுவதற்கும் ஒலி கேட்பதற்கும் புளூடூத்தில் தனித்தனி வழிகள். எங்கள் செட்டில் ரெண்டையும் தனித்தனியே பதிய வேண்டியிருந்தது. சில பழைய செட்டுகளில் பேசுகிற வழி மட்டும்தான் உண்டு.

3. அழைப்பவரின் பெயர் வராவிட்டால், தொடர்பு இலக்கங்களைப் பார்க்கப் போனில் அனுமதி கொடுங்கள்.

4. ஜப்பானில் எப்.எம். 76இல் தொடங்கும். பழைய செட்டுகள் 90உடன் நின்றுவிடும். நம் தமிழ் வானொலிகள் பெரும்பாலும் அதற்கு மேலே. எடுக்காததற்குக் காரணம் அதுதான். லைட்டர் ஓட்டையில் குத்துகிற எப்.எம். கருவியையும் 88, 89 அளவில் வைத்தால்தான் கேட்கும். நாங்கள் 100க்கு மேலே வைத்துவிட்டுக் கருவியைக் குறை சொன்னோம்.

5. பற்றரி கழற்றும்போது கவனம். சில செட்டுகள் பிறகு இரகசிய இலக்கம் அல்லது உள்ளே இருந்த வரைபட அட்டையைக் கேட்டு அப்படியே பூட்டிக்கொள்ளும். அந்த அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள்.

இப்போது ஸ்டியரிங்கில் இருக்கிற பொத்தானை அமத்தினால் போதும். ஆனாலும் நீண்ட பேச்சென்றால் ஓரமாக நிறுத்திவிடுகிறோம். கை சும்மா இருந்தாலும் கவனம் போய்விடும் என்பதை அந்தக் கணம் படிப்பித்துவிட்டது.

நேற்றும் அதே நேரம் உம்மா எடுத்தா. கார் முழுக்க உம்மாவின் குரல்: "எங்க மகன் வாறீங்க?"

"பாலமுனை உம்மா."

"மெதுவா வாங்க, ரோட்டப் பாத்து."

பார்த்துத்தான் வருகிறோம், உம்மா.

அந்தப் பிள்ளைக்கும் எங்கள் வாப்பாவுக்கும் துஆச் செய்யுங்கள்.