மலைக்கு முன்னால் ஒரு மாடி வீடு

ஜூலை 12, சனி

சுந்தரபாண்டியபுரம். குற்றாலத்தில் சீசன் என்றால் இங்கும் சீசன்தான். செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று, வெயில் அடிக்கும்போதே சாரலைத் தூவிவிட்டுப் போகிறது. தாள் காய்வேனா என்கிறது.

காயாத தாளில் மலையைத்தான் போட முடியும். 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளைக் கூரைக் கோடு வரை மட்டும் நன்றாக நனைத்து, அல்ட்ராமரின் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா கலந்து, முகட்டிலிருந்து கீழே இழுத்தேன். பலகையைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் நிறம் தானே இறங்கி, ஓட்டுக் கூரைகளின் பென்சில் கோட்டருகே நீர்மணியாகத் திரண்டு நிற்கும். பிழிந்த தூரிகை நுனியால் அந்த மணியைக் கூரை வரிசையோடு நகர்த்திக்கொண்டே போக வேண்டும். அல்ட்ராமரினின் பொடி தாளின் குழிகளில் தங்கிப் புள்ளி புள்ளியாய்ப் படியும். அதுவே தூரத்து மரங்கள். தனியாக ஒரு மரம்கூட வரையவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் வந்தால்தான் உண்டு. மலை மேற்கே இருக்கிறது. மதியத்துக்கு மேல் வெயில் அதன் பின்னால் சாய்ந்துவிட்டால் வீட்டு முகப்பெல்லாம் நிழல்.

பென்சில் கோடுகளைப் பார்த்துக்கொண்டே நின்ற ஒரு ஆச்சி கேட்டார்: “எல்லா வீட்டையும் போட்டிருக்கிய. எங்க வீட்ட மட்டும் ஏன் தம்பி விட்டுட்டிய?”

ஓட்டு வீடுகளுக்கு நடுவே ரோஸ் நிறத்தில் மாடி வீடு. மகன் துபாயிலிருந்து பணம் அனுப்பிக் கட்டியதாம். வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். கிராமம் என்றால் ஓடும் திண்ணையும் என்று ஒரு கணக்கு இருக்கிறதே. ‘ரோஜா’ (1992) படத்துக்காக இங்கே வந்த கேமராவுக்கும் அந்தக் கணக்குதான். சூரியகாந்திப் பூவோடு செல்பி எடுக்க வருகிறவர்களுக்கும் அதுவேதான்.

கணக்கு பழையது. 1782-ல் வெளியான, பிரிட்டனின் வை நதி பற்றிய பயண நூலில் வில்லியம் கில்பின், டின்டர்ன் மடாலயத்தின் முக்கோணச் சுவர்களைச் சுத்தியலால் பக்குவமாகக் கொஞ்சம் உடைத்தால் காட்சி இன்னும் எடுப்பாகும் என்று எழுதினார். பத்து வருடம் கழித்து, 1792-ல், அதே ரசனையோடு ஓவியர் தாமஸ் டேனியலும் சகோதரர் மகன் வில்லியமும் இந்தத் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து பாபநாசம் அருவியை வரைந்து போனார்கள். அருமையான படம், மறுப்பதற்கில்லை. ஆனால் நீர்வண்ணக்காரர்கள் கையில் அந்தச் சுத்தியல் இன்னும் இருக்கிறது. நாம் உடைப்பது கான்கிரீட் வீடுகளை.

“போட்டுடுதேன் ஆச்சி” என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

ரோஸ் லேசுப்பட்ட நிறமில்லை. அலிசரின் கிரிம்ஸன் வெளிச்சத்தில் நாளடைவில் வெளிறிவிடும். குவினாக்ரிடோன் ரோஸ் நிற்கும். அதையே தண்ணீராக்கிச் சுவருக்கு. பால்கனி நிழலுக்கு அதில் கோபால்ட் நீலம். பக்கத்து ஓடுகளின் செம்மையைக் கொஞ்சம் அடக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் இரண்டும் சண்டை போடுகின்றன.

மொட்டை மாடியில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி. கறுப்பு டியூபைத் தொடவில்லை. மலைக்குக் கலந்த அதே நீலமும் சியன்னாவும்தான், தண்ணீர் குறைத்துக் கெட்டியாக. அதை வைத்ததும் நடந்ததுதான் வேடிக்கை: சனிக்கிழமை முழுக்க எவ்வளவு வெளிறச் செய்தும் கூரை மேலேயே ஒட்டிக்கொண்டிருந்த மலை, சட்டென்று நாலு மைல் பின்னால் போய்விட்டது. தொலைவைக் காட்ட முன்னால் ஓர் அழுத்தமான கருமை வேண்டும். ஓட்டு வீடுகள் எதிலும் அது கிடைக்கவில்லை.

ஆச்சி வந்து தொட்டியை அடையாளம் கண்டுகொண்டார். பிறகு முகத்தைச் சுளித்தார். “கலரு பத்தலியே தம்பி. எங்க வீடு இதவிடப் பளிச்சுன்னுல்லா இருக்கும்.”

உண்மைதான். நீர்வண்ணம் ஈரத்தில் காட்டும் அழுத்தம் காய்ந்தபின் இருக்காது. நாளை அந்தச் சுவருக்கு மட்டும் இன்னொரு கோட் ரோஸ்.