உட்கார்ந்து சாப்பிடுதல்

குறுந்தொகையின் 167ஆம் பாடலை 20 ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய தலைவி கட்டித்தயிரைக் கையால் பிசைந்து, தாளிக்கும் புகை கண்ணில் படக் குழம்பு வைக்கிறாள். சுவையாக இருக்கிறது என்று கணவன் உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. அந்த மலர்ச்சியோடு பாடமும் முடிந்துவிடும்.

சென்ற வருடம் மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, அவ எப்ப சாப்பிட்டா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலை மூன்று டிபன் பாக்ஸைக் கட்டி வைத்துவிட்டு, அடுப்படியில் நின்றபடியே இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு, பேருந்துக்கு ஓடிவந்திருந்தேன். என் அம்மா காலையில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததேயில்லை.

அன்றிரவே வீட்டில் சொன்னேன்: "இனிமே அவங்கவங்க டப்பாவை அவங்கவங்களே கட்டிக்கணும்." ஒரு வாரம் முணுமுணுப்பு. மகன் ஒருநாள் எதுவும் எடுக்காமலே கிளம்பிப் போனான். நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் நான் எழவில்லை.

இப்போது காலையில் 15 நிமிடம் எனக்கு. இரவு நீரூற்றி வைத்த சோறு, மோர், கல்லுப்பு, நான்கு சின்ன வெங்காயம். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எத்தனையோ வருடமாக நான் வடித்த சோறுதான். அதன் மெல்லிய புளிப்பு இப்போதுதான் நாக்கில் தங்குகிறது.

நிதானமாகச் சாப்பிடு என்று ஒரு பெண்ணுக்குச் சொல்வது எளிது. அந்த நிதானத்துக்கான நேரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இந்த வருடம் அந்த மாணவியின் கேள்வியையே வகுப்புத் தேர்வில் கேட்டேன். பலர் தங்கள் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தார்கள்.