18 + 22 = 40?

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ரிலீஸ், ஆணி அதிகம்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். நிஜக் காரணம் வேற. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப ஒரு தப்பு பண்ணிட்டேன். அதைச் சொல்லாம வேற எதையும் எழுத வரல.

எங்க ஊர் ரஞ்சன்குடி. திருச்சியில இருந்து சென்னை போறவங்க, பெரம்பலூர் தாண்டினதும் பஸ் ஜன்னல் வழியா ஒரு கல்கோட்டையைப் பாத்திருப்பீங்க, அதான். 1751-ல சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரங்களும் ஒரு பக்கம், முகமது அலியும் இங்கிலீஷ்காரங்களும் இன்னொரு பக்கம்னு இந்த ஏரியாவுலதான் அடிச்சுக்கிட்டாங்க. அந்தச் சண்டைக்கு ரெஃப்ரி கிடையாது. எங்க பொங்கல் செவன்ஸ் மேட்சுக்கு இருந்தாரு. அடியேன்தான் :-)

தகுதி? ராத்திரி கண்ணு முழிச்சு இங்கிலீஷ் லீக் பாக்குறவன். அவ்வளவுதான். பாதிக்கு 20 நிமிஷம், மொத்தம் 40. நாங்க ஆடுற இடம் ஒரு பக்கம் மேடு, இன்னொரு பக்கம் சரிவு. முதல் பாதியில என் சித்தப்பா பையன் டீமுக்கு சரிவு பக்கம் அடிக்கிற அதிர்ஷ்டம்.

டாஸ் போட்டதுமே செல்லுல ஸ்டாப்வாட்சை அமுக்கிட்டேன். அப்புறம்தான் பந்துல காத்து கம்மின்னு பம்ப் தேடுனாங்க. அதுல ரெண்டு நிமிஷம் போச்சு. நான் கவனிக்கல. 20:00 காட்டுச்சு, ஊதிட்டேன். அப்ப பந்து தம்பி கால்ல. எதிர்ல கீப்பர் மட்டும். விசில் சத்தம் கேட்டதும் அப்படியே நின்னுட்டான்.

"அண்ணே, அதுக்குள்ளயா?"

"டைம் ஆச்சுடா."

இடைவேளையில ஒரு பெரியவர் வந்து வாட்சைக் காட்டி, "தம்பி, ரெண்டு நிமிஷம் முன்னாடியே ஊதிட்டீங்க"ன்னாரு. நமக்குத்தான் இன்ஜினியர் மூளையாச்சே! 18-ம் 22-ம் 40, கணக்கு சரி. ரெண்டாவது பாதியை 22 நிமிஷமா அறிவிச்சேன். யாரும் ஒண்ணும் சொல்லல. 21-வது நிமிஷம் சரிவு பக்கம் அடிச்ச எதிர் டீம் கோல் போட்டுச்சு. தம்பி டீம் 1-0 தோல்வி.

அன்னிக்கு ராத்திரி உறுத்தலா இருந்துச்சு, கால்பந்து விதிகளை எடுத்துப் படிச்சேன். 7-வது விதியில நான் பண்ணினதைத் தேடிப் புடிச்சு எழுதி வெச்ச மாதிரி ஒரு வரி. முதல் பாதியில நடந்த நேரத் தப்பை, ரெண்டாவது பாதியோட நீளத்தை மாத்தி ரெஃப்ரி சரிக்கட்டக் கூடாது. யோசிச்சா நியாயம். பாதி மாறினா பக்கம் மாறுது. சரிவுல ஓட வேண்டிய ரெண்டு நிமிஷத்தை தம்பிகிட்ட இருந்து புடுங்கி, எதிர் டீமுக்கு சரிவா இருக்கறப்ப குடுத்திருக்கேன். இடைவேளையிலயே எல்லாரையும் கூப்பிட்டு, அதே பக்கத்துல மிச்ச ரெண்டு நிமிஷத்தை ஆட விட்டிருக்கணும்.

நடு ஆட்டத்துல தப்பா ஊதிட்டா இவ்வளவு சிக்கல் இல்ல. தப்பு விசிலுக்கும் ஆட்டம் நிக்கத்தான் செய்யும், ஆனா கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும். டிராப் பால் போட்டு ஆரம்பிச்சு, வீணான நேரத்தை அந்தப் பாதி முடிவுலயே சேத்துக்கலாம். 2019-ல விதியை மாத்தினதுக்கு அப்புறம் டிராப் பாலுக்கு ரெண்டு பேர் முட்டிக்கிற வேடிக்கையும் இல்ல. ஒரு டீமுக்குத்தான் பந்து, மத்தவங்க 4 மீட்டர் தள்ளி நிக்கணும். கெட்ட விசில்னா அது முடிவு விசில்தான்.

நான் மட்டும் இல்லைன்னு ஆறுதலுக்கு ஒரு ஆள் சிக்கினாரு. ஜாம்பியா ரெஃப்ரி ஜானி சிகாஸ்வே. 2022 ஜனவரி 12, கேமரூன்ல ஆப்பிரிக்கக் கோப்பை, மாலிக்கும் துனீசியாவுக்கும் மேட்ச். 85-வது நிமிஷமே ஊதிட்டாரு. சுதாரிச்சு திரும்ப ஆரம்பிச்சு, 90 நிமிஷம் முடிய சில விநாடி இருக்கறப்ப மறுபடி ஊதி முடிச்சுட்டாரு. கூடுதல் நேரமும் கிடையாது. துனீசியா கோச் வாட்சைக் காட்டிக்கிட்டே உள்ள ஓடி வந்தாரு. அரை மணி நேரத்துக்கு மேல ஆனப்புறம் மிச்சத்தை ஆடலாம்னு கூப்பிட்டாங்க. மாலி வந்துச்சு, துனீசியா வரல. 1-0, மாலி ஜெயிச்சதுதான் முடிவு. துனீசியாவோட புகாரும் எடுபடல. அவருக்கு அன்னிக்கு வெயில் தாக்கி ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கார். எனக்கு அந்தச் சாக்கும் இல்ல. தை மாச சாயங்காலம், ஜில்லுனு காத்து.

போன ஞாயித்துக்கிழமைதான் தம்பிக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.

"அந்த விசில் ஊதறப்ப கீப்பர் இடது பக்கம் சாஞ்சிட்டாண்ணே. நான் வலது பக்கம் தட்ட இருந்தேன்."

"தெரியும்டா."

"ரூல் அப்பவே தெரியுமா?"

"இல்லடா, அன்னிக்கு ராத்திரிதான் படிச்சேன்."

"அப்புறம் ஏன் இத்தனை நாள் சொல்லல?"

பதில் சொல்லல. அவனே தொடர்ந்தான். "சரி, அடுத்த பொங்கலுக்கு வாங்கண்ணே. விசில் வேற ஆள் ஊதட்டும். நீங்க கோல் கம்பு நட வந்தா போதும்."

லீவுக்கு இப்பவே மெயில் போட்டுட்டேன்.