உடைக்கக் கூடாத மாத்திரை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். ஆனாலும் அந்த வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு என்னால் போக முடியவில்லை. பெருங்குடலில் புண், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார் டாக்டர். ரத்தமும் சீதமுமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. எந்த தைரியத்தில் பஸ் ஏறுவது?

மெசலமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெரிய மாத்திரை, தொண்டையில் இறங்கவில்லை. என் மனைவி அதை நுணுக்கி மோரில் கலந்து தந்தாள். ஒரு மாதமாகியும் குணமில்லை.

"எப்படி சாப்பிடுறீங்க ஐயா?" என்று டாக்டர் கேட்டார். சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பழைய சல்ஃபாசலசின் மருந்தில் புண்ணை ஆற்றுவது இந்த மெசலமின் பாகம்தான் என்று 1977-இல் ஆக்ஸ்போர்டில் கண்டறிந்தார்கள். ஆனால் வெறும் மருந்தாக விழுங்கினால் பெரும்பகுதி சிறுகுடலிலேயே ரத்தத்தில் கலந்துவிடும். அதனால்தான் மேல்பூச்சு. அது இரைப்பை அமிலத்தில் கரையாது. சிறுகுடலின் கடைசிக்குப் போன பிறகே கரைந்து, புண் இருக்கும் இடத்தில் மருந்தை விடும்.

34 வருஷம் தபால் ஆபீஸில் இருந்தவன் நான். விலாசம் எழுதிய உறையைக் கிழித்துவிட்டு, வெறும் கடிதத்தைப் பெட்டியில் போட்டிருக்கிறேன்!

அதன்பின் முழுசாகவே விழுங்கினேன். மெதுவாக ரத்தம் நின்றது. அடுத்த ஆடியில் இருவரும் தேர் பார்த்தோம். திரும்பும்போது அவள் பால்கோவா வாங்கினாள். எனக்குச் சுண்டுவிரல் நுனி அளவுதான்.

எந்த மாத்திரையையும் உடைக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.