தனி வளை

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது முன்னோர் வாக்கு. ஆசிரிய இடமாற்றம் பெற்றுக் கொழும்புக்கு வந்த நாம் கேட்டதும் அவ்வளவே: ஓர் அறை, ஒரு சிறு குசினி, குளிக்க ஓர் இடம். இதனை இங்கே ‘அனெக்ஸ்’ என்பர். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானை வரை, காலி வீதியின் இருமருங்கிலுமுள்ள ஒழுங்கைகளில் நடந்தோம்.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டார், வாடகையைச் சொல்லுமுன்னரே, "யாழ்ப்பாணத்தில எவடம்? எந்தக் கோயிலடி?" என்று விசாரித்தனர். எதனை அறிவதற்கு இக்கேள்வி என்பதை நம்மவர் எவரும் அறிவர். விடை சொன்னோம். அறை வேறொருவருக்குப் பேசியாயிற்று என்றனர். தெற்கே செல்லச் செல்ல அக்கேள்வி குறைந்தது. வாடகையோ எமது சம்பளத்தின் பாதிக்குக் கீழே இறங்கவில்லை.

தெஹிவளையில் முதிய அம்மையார் ஒருவரின் அனெக்ஸ் எமக்குப் பிடித்திருந்தது. அவர் ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கேட்டார். எமது முகம் வாடியதைக் கண்டு, "குறை நினையாதையுங்கோ தம்பி. பென்சன் காசு மருந்துக்கே காணாது. மொத்தமாக் கிடைச்சால்தான் கண்ணுக்கு ஒப்பரேசன் செய்யலாம்" என்றார். 2022 ஆம் ஆண்டு விலைவாசி அவருடைய ஓய்வூதியத்தையும் எமது சம்பளத்தையும் ஒருங்கே விழுங்கியிருந்தது. அவர்மீது சினங்கொள்ள எம்மால் இயலவில்லை.

இந்நாட்டில் வாடகை பற்றிய சட்டம் இல்லாமலில்லை. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகைக்கு வரம்பிட்டது. பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில், 1973 இல், ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்கும் வரம்பு வந்தது. மேலதிக வீடுகளைக் குடியிருந்தோரே வாங்க வழி பிறந்தது. பின்வந்த திருத்தங்கள் இவ்வேலியைப் பல இடங்களிற் பிரித்துவிட்டன. ஆயினும் வேலி மட்டும் வீடாகாது. வரம்புக்கு அஞ்சி வீட்டைப் பூட்டி வைத்தவர்களும் அந்நாளில் இருந்தனர். பம்பலப்பிட்டியிலும் மாளிகாவத்தையிலும் அரசு எழுப்பிய மாடிவீடுகளைப் போன்றவை, உழைப்போரின் ஊதியத்துக்கேற்ற வாடகையில், நகரெங்கும் பெருகியிருந்தாலன்றோ அச்சட்டம் முழுப்பயன் தந்திருக்கும்?

நம் ஆசிரியர் சங்கங்கள் சம்பள உயர்வு கேட்கின்றன, கேட்கவே வேண்டும். ஆனால் வீடுகள் பெருகாத நகரில் கூடிய சம்பளம் கூடிய வாடகையாக மாறிவிடும். ஆகவே கோரிக்கைப் பட்டியலில் பொது வாடகைவீடும், முதியோருக்கு இலவசக் கண்சிகிச்சை காலந்தாழ்த்தாது கிடைப்பதும் அடுத்தடுத்து இடம்பெற வேண்டும். இரண்டும் ஒரே கோரிக்கை என்பதை நாம் தெஹிவளை ஒழுங்கையிற் கற்றோம்.

இதனை எழுதும் இன்றும் நாம் நண்பர் இருவரோடு ஓரறையிலேயே குடியிருக்கின்றோம். அவ்வனெக்ஸ் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. அம்மையாரின் கண்ணுக்குச் சிகிச்சையும் நடைபெறவில்லை.