பனியன் ஊரில் ஒரு மஞ்சள் விளக்கு

திருப்பூரைப் பார்க்க வேண்டுமா? ரயிலை விட்டு இறங்கி, குமரன் நினைவகத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, காதர்பேட்டையில் பத்து பனியனை பேரம் பேசி வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்புவதெல்லாம் பார்த்த கணக்கில் சேராது. ஏதாவது ஒரு பிக்கப் வண்டியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டைப் பிடியுங்கள். ஒரே நாளில் மொத்த ஊரும் கண்ணாடி வழியாக ஓடிவிடும்.

காரணம், இங்கே ஒரு டி-ஷர்ட் ஒரே கூரையின் கீழ் பிறப்பது அபூர்வம். 15 வேலம்பாளையத்தில் நிட்டிங் (ஊர் பேரே 15 வேலம்பாளையம்தான், அச்சுப்பிழை இல்லை), வீரபாண்டிப் பக்கம் சாயம், வேறொரு இடத்தில் காம்பாக்டிங், இன்னொரு சந்தில் பிரிண்டிங், அப்புறம் கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். துணி ஒவ்வொரு வீடாகப் போய் விருந்து சாப்பிடும் புதுமாப்பிள்ளை மாதிரி சுற்றுகிறது. அதைத் தூக்கிக்கொண்டு சுற்றுவது பிக்கப்.

என்னோடு பி.காம். படித்த நண்பன் இரண்டு வருஷமாக இந்த வேலைதான் செய்கிறான். 2018 மாடல் டீசல் பிக்கப், செகண்ட் ஹேண்ட். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், பாவம் அவர்கள் மேல் தப்பில்லை. மாதத் தவணை பதினாலாயிரத்துச் சொச்சம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதிலிருந்து சில மாதம் அவனுக்கு லோடு பாதியாகக் குறைந்தது. தவணை மட்டும் குறையவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு. இன்ஜின் படம் போட்டது. பார்த்தால் குட்டி நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி இருக்கும்.

இதில் ஒரு கிளைக்கதை. வண்டி வாங்கும்போது அந்த விளக்கு இருக்கும் இடத்தில் அளவெடுத்த மாதிரி ஒரு சின்ன சாமி ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததாம். "கும்பிட்டுட்டு வாங்கிட்டேன் மாப்ளே" என்றான். மூன்றாம் மாதம் வெயிலில் ஸ்டிக்கர் உரிந்தது. சாமி போய் விளக்கு தரிசனம் தந்தது. பழைய வண்டி வாங்கப் போகும் அன்பர்கள் கவனிக்கவும்: சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் பண்ணாமல், முதலில் டேஷ்போர்டைப் பாருங்கள். எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்தாக வேண்டும். இந்த விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் யாரோ அதன் வாயைப் பொத்தியிருக்கிறார்கள்.

இந்த விளக்கு முதலில் வந்தது இன்ஜின் மேல் உள்ள பாசத்தால் அல்ல, புகைக்குப் பயந்து. கலிபோர்னியாக்காரர்கள் 1988 மாடல் கார்களிலிருந்து இதைக் கட்டாயமாக்கினார்கள். 1996-ல் அமெரிக்கா முழுக்க எல்லாக் காருக்கும் ஒரே மாதிரி பதினாறு பின் சாக்கெட், ஒரே மாதிரி கோடு என்று ஆனது. நம் ஊரில் பி.எஸ். 4 வண்டிகளோடு பரவியது. வெளியே விடுவதை அளந்து விடு என்ற விதி திருப்பூருக்குப் புதிதல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சாயத்தண்ணீரில் ஒரு சொட்டுகூட நொய்யலுக்குப் போகக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

சரி, வண்டிக்கு வருவோம். நண்பனுடைய வண்டியின் சிக்கல் இது. ஊருக்குள் சமர்த்தாக ஓடும். அவிநாசி தாண்டி சேலம்-கொச்சி நெடுஞ்சாலையில் ஃபுல் லோடோடு மிதித்தால் மஞ்சள் எரியும். உடனே வண்டி சோர்ந்துவிடும். ஆக்ஸிலேட்டர் மேல் ஏறி நின்றாலும் நாற்பதைத் தாண்டாது. பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரனிலேயே வம்சத்தைத் திட்டுவார்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் சொருகினார்கள். 'பி 0299' என்று வந்தது. பிரஷர் சென்சர் போச்சு என்று மாற்றினார்கள். சென்சர் 4,200, கூலி 600. விளக்கு அணைந்தது. மூன்றாம் நாள் எரிந்தது.

இரண்டாவது இடத்தில் கோடை அழித்துவிட்டு, "ஒண்ணுமில்ல, ஓட்டுங்க" என்றார்கள். முந்நூறு ரூபாய். மறுநாளே எரிந்தது.

மூன்றாவது இடத்தில் டர்போவே காலி என்று 42,000-க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். நண்பன் அந்தத் தாளை நாலாக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வண்டியை விற்றுவிட்டு மறுபடி கணக்கெழுதப் போகட்டுமா என்று என்னிடம் கேட்டான்.

என்னைப் போன்ற காமர்ஸ்காரனுக்கு இந்த விளக்கைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் வேண்டாம். டிரயல் பேலன்ஸ் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். எவ்வளவு இடிக்கிறது என்று சொல்லும், எந்த லெட்ஜரில் தப்பு என்று சொல்லாது. கோடை அழித்து அனுப்புவது, வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்டில் தள்ளிவிட்டு மானேஜர் வருவதற்குள் வீட்டுக்குக் கிளம்புகிற வேலை.

நாலாவதாகப் போனது காங்கயம் ரோட்டில், நல்லூரைத் தாண்டி ஒரு வேப்பமரத்தடி. போர்டு கிடையாது. ஐம்பது வயசு மெக்கானிக். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருந்தவர். கையில் பனியன் வேஸ்ட். (மெக்கானிக்குகள் கை துடைக்கும் அந்த வேஸ்ட் துணிக்குப் பிறந்த வீடே இந்த ஊர்தானே!)

அவர் ஸ்கேனரைத் தொடவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

"ஏனுங் தம்பி, லைட்டு எப்பப் புடிச்சு எரியுதுங்?"

"தெனமும்தானுங்ணா."

"அதில்லீங். லோடோட போறப்பவா, காலியா வர்றப்பவா?"

நண்பன் யோசித்தான். காலியாக வரும்போது ஒருமுறைகூட எரிந்ததில்லை!

அப்புறம்தான் ஸ்கேனர். கோடு மட்டும் பார்த்து மூடி வைக்காமல் உள்ளே இன்னொரு பக்கத்தைத் திறந்தார். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயராம். விளக்கு எரிந்த அந்த நொடியில் வேகம் என்ன, இன்ஜின் சுற்று என்ன, சூடு என்ன, பாரம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் போட்டோ பிடித்து வைத்திருக்கிறது. வேகம் 58, இன்ஜின் நல்ல சூடு, பாரம் உச்சத்தில். இரண்டாவது கடைக்காரர் அழித்தது கோடை மட்டுமல்ல, அன்றைய போட்டோவையும் சேர்த்து. திருட்டுப் போன வீட்டில் போலீஸ் வருமுன் தரையைத் துடைத்துவிட்ட மாதிரி.

"பி 0299-ன்னா டர்போ கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லீங். காத்து பத்தலைன்னு அர்த்தம்" என்றார். முதல் எழுத்து பி என்றால் இன்ஜின்-கியர் சமாச்சாரம். அடுத்த பூஜ்யம், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு. 2 என்றால் காற்று, எரிபொருள் கணக்கு. டர்போ காற்றை அழுத்தி, இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குள் தள்ளுகிறது. இன்ஜின் வாசலில் சென்சர் அதை அளக்கிறது. அளவு குறைந்தால் மூன்றில் ஒன்று: அளப்பவன் பொய் சொல்கிறான், தள்ளுபவனுக்குத் தெம்பில்லை, அல்லது வழியில் எவனோ திருடுகிறான். சென்சர் புதுசு, அதனால் முதல் ஆள் விடுதலை. டர்போவைக் கழற்றுவது செலவு. வழியைப் பார்ப்பது இலவசம்.

"செக்கிங்ல துணியில கோடு தெரிஞ்சா துணியவா திட்டுவோம்? நிட்டிங்ல எந்த ஊசி வளைஞ்சுதுன்னு பாக்கோணுமில்லீங்" என்றபடி வண்டிக்கு அடியில் போனார்.

அந்த உவமையில் விஷயம் இருக்கிறது. 30 அங்குல விட்டம், 24 கேஜ் நிட்டிங் மெஷினில் 2,200-க்கு மேல் ஊசிகள். அதில் ஒரே ஒரு ஊசி வளைந்தால் துணி நீளத்துக்கும் ஒரு கோடு ஓடும். அது கண்ணில் படுவதற்குள் துணி நாலு கம்பெனி தாண்டியிருக்கும். தையல்காரர் சாயக்காரரைக் கை காட்டுவார், சாயக்காரர் நிட்டிங்கை, நிட்டிங்காரர் நூலை. பில்லில் யார் தலையில் பிடிப்பது என்ற பஞ்சாயத்துதான் இந்த ஊரின் பாதிப் பேச்சு.

அடியிலிருந்து குரல் வந்தது. "தம்பி, இங்க வந்து பாருங்."

குனிந்து பார்த்தேன். திருப்பூரில் பஞ்சுத் துகள் படியாத இடம் கிடையாது. வண்டிக்கு அடியிலும் சாம்பல் நிறத்தில் லேசாகப் படிந்திருந்தது. ஆனால் இன்டர்கூலரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப்புக்கு ஒட்டினாற்போல் ஒரு இடத்தில் மட்டும் பஞ்சு கறுத்து, நனைந்து, தாடி மாதிரி தொங்கியது. டர்போ காற்றோடு கொஞ்சம் ஆயில் ஆவியும் வரும். அது கசியும் இடத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

ஹோஸின் இரண்டு முனையையும் அடைத்து, கம்ப்ரஸரால் அளவாகக் காற்று விட்டு, பஞ்சர் கடை மாதிரி ஷாம்பு தண்ணீர் தடவினார். ஆரம்பத்தில் ஒன்றுமில்லை. காற்று ஏற ஏற ஒரு அங்குல வெடிப்பு மெல்ல உதட்டைத் திறந்து புஸ்ஸென்று நுரை தள்ளியது. ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தி ஐடிலில் ஓடவிட்டால் அங்கே அழுத்தமே இருக்காது, வெடிப்பு மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும். லோடோடு மிதித்தால்தான் திறக்கும்.

ஹோஸ் 1,850. கிளாம்ப் இரண்டு 160. கூலி 500. மொத்தம் 2,510. நண்பன் சட்டைப் பையிலிருந்த எஸ்டிமேட்டை எடுத்து அவரிடம் காட்டினான். அவர் படித்துப் பார்த்துவிட்டு அதிலேயே கையைத் துடைத்துக்கொண்டார்.

கோடை அழிக்கச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். "வேண்டாமுங். கோளாறு நெசமாவே போயிருந்தா லைட்டு தானா அணையோணும்." தொடர்ந்து மூன்று ஓட்டத்தில் குறை தெரியாவிட்டால் கம்ப்யூட்டரே விளக்கை அணைத்துவிடுமாம். உள்ளே கோடு இன்னும் கொஞ்ச நாள் இருந்து, குறை திரும்பாவிட்டால் இன்ஜின் நாற்பது முறை சூடாகி ஆறியபின் அதுவும் அழியும்.

செவ்வாய்க்கிழமை 42 பண்டல் துணி ஏற்றிக்கொண்டு அவிநாசி வழியாக கோவை போனோம். மஞ்சள் எரிந்துகொண்டேதான் இருந்தது, ஆனால் வண்டி எழுபதில் பறந்தது. புதன்கிழமையும் அப்படியே. வெள்ளிக்கிழமை காலை பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு டீக்கடை முன்னால் ஸ்டார்ட் பண்ணும்போது மற்ற விளக்குகளோடு சேர்ந்து எரிந்தது, மற்ற விளக்குகளோடு சேர்ந்து அணைந்தது. நண்பன் டீக்கடைக்காரருக்குச் சில்லறை வாங்காமல் வந்துவிட்டான். திருப்பூரில் இது சாதாரணமாக நடக்கிற காரியமில்லை.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. முதல் ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் போட்ட பழைய சென்சர் டேஷ்போர்டு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒரு குறையுமில்லை, கெட்டுப்போகவே இல்லாத சென்சர். யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள். விலை பேசிக்கொள்ளலாம்.