பாறை இடுக்கில் ஒரு கள்ளிமுளையான்

குறிஞ்சிப்பாடியின் பெயரில் குறிஞ்சி இருக்கிறது. ஊரில் மலை இல்லை. ஒரு பக்கம் பெருமாள் ஏரிப் பாசனத்தில் நெல், மறுபக்கம் வடலூர் செம்மண் மேட்டில் முந்திரி. பாறைச் சரிவைப் பார்க்க வடலூர், பண்ருட்டி, விழுப்புரம் வழியாகச் செஞ்சிக்குப் போக வேண்டும்.

பண்ருட்டி வரை பலாவும் முந்திரியும் கூடவே வரும். செஞ்சியை நெருங்கினால் கல்லை அள்ளிக் குவித்தது போல ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி குன்றுகள். இப்படிப்பட்ட வறண்ட கற்சரிவுகள்தான் கள்ளிமுளையானின் தாய்வீடு. கல்முளையான் என்றும் சொல்வார்கள். நாற்கோணத் தண்டு, முழங்காலுக்குக் கீழான உயரம், இலை இருப்பதே தெரியாது. கொஞ்சம் மண் தங்கிய இடுக்கே போதும். பகலில் இலைத்துளைகளைப் போலத் தண்டிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காற்றை வாங்கும். அதனால் ஈரம் வீணாவதில்லை.

ராக்ஸ்பர்க் என்ற தாவரவியலார் 1795இல், சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றிய தம் நூலில் இச்செடியைப் பதிவு செய்தார். தண்டைத் துவையலாக அரைத்தும், பச்சையாக மென்றும் சாப்பிடும் வழக்கம் உண்டு. பசியை அடக்கும் என்று பெயர் வந்ததால், இன்று உடல் எடை குறைக்கும் மாத்திரைகளிலும் இதன் சாறு சேர்கிறது. ஆனால், எடை குறைவதற்கு உறுதியான சான்று இல்லை. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை: தண்டை ஒடித்தால் பால் வடிந்தால் அது கள்ளிமுளையான் அல்ல, வேறு கள்ளி. அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. வாயிலும் வைக்கக் கூடாது. கள்ளிமுளையானில் தெளிந்த நீர்தான் வரும். அடையாளம் தெரிந்த பெரியவர் காட்டாமல் பறிக்காதீர்கள்.

மாத்திரைக்காக வேரோடு பிடுங்கினால் அந்த இடுக்கு வெறுங்கல்லாகிவிடும். காப்புக்காட்டில் பிடுங்குவது குற்றமும்கூட. வீட்டில் வளர்க்க விரல் நீளத் தண்டு போதும். நாற்றங்கால் அல்லது வளர்ப்பவரிடம் வாங்கி, வெட்டுவாய் ஆறும்வரை சில நாள் நிழலில் உலர்த்தி, மணலும் சரளையும் கலந்த தொட்டியில் நடலாம். மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். குறிஞ்சிப்பாடியின் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்தால் அழுகும். தொட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள்.

ஏக்கர் கணக்கில் போடலாமா? வாங்குபவர் யார், விலை என்ன என்பது எழுத்தில் கைக்கு வரும்வரை வேண்டாம். துவையலுக்கு இரண்டு தொட்டி போதும்.